பட்டியலில் நான் சேர்க்காதவள்

அவளுடைய வீடியோவை எங்கள் குழுவில் யாரோ முதன்முதலாகப் போட்டபோது, அதை நான் மூன்று தடவை பார்த்தேன். மூன்றாவது தடவை பார்த்து முடித்ததும் நீக்கிவிட்டேன்.

அப்போது மதிய இடைவேளை. பம்பாய் மாட்டுங்காவில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் வேலை எனக்கு. டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீடியோவில் இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி செம்பூரில் ஒரு பஸ் நிறுத்தத்தில் நின்றாள். சாலையைத் தோண்டிப் போட்டிருப்பதால் தாராவி வழியாக வரும் பஸ்ஸை எந்தத் தெருவோடு திருப்பிவிட்டிருக்கிறார்கள், எத்தனை நாளைக்கு என்று தமிழில் சொன்னாள். நடுவில் கண்டக்டர் ஒருவரிடம் மராத்தியில் கேட்டு, அவர் சொன்னதை அப்படியே தமிழில் திருப்பிச் சொன்னாள். மொத்தம் ஒன்றரை நிமிடம். ஒரு வார்த்தை கூடுதல் இல்லை, குறைவும் இல்லை.

குறை கண்டுபிடிக்கத்தான் மூன்று தடவை பார்த்தேன். கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் எங்கள் பட்டியலில் இல்லை என்பது மட்டும்தான் கையில் இருந்தது. அதை வைத்து நீக்கினேன்.

அந்தப் பட்டியலைப் போட்டது நான்தான். கொரோனாவுக்காக ஊரை அடைத்து வைத்திருந்த சமயம், எங்கள் தாராவிச் சந்தில் எல்லோர் ஃபோனுக்கும் ஒரு செய்தி வந்தது. தெற்கே போக ரயில் விடுகிறார்கள், நாளைக் காலையில் ஸ்டேஷனுக்கு வந்தால் போதும் என்று. என் கணவர் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறவர். பட்டறை மூடிக் கிடந்தது. நான் வேண்டாமென்று சொல்லியும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் போனார். ரயிலும் இல்லை, ஒன்றும் இல்லை. கூட்டத்தைக் கலைத்தபோது கணுக்காலுக்கு மேலே லத்தியடி வாங்கி, நொண்டிக்கொண்டு திரும்பி வந்தார். கால் வீக்கம் வடிய மூன்று வாரம் ஆயிற்று.

அதற்குப் பிறகுதான் அந்தக் குழுவை ஆரம்பித்தேன். எங்கள் சந்துக்காரர்கள் நாற்பது பேர் முதலில். பிறகு மாஹிம், மாட்டுங்கா, செம்பூர் என்று தமிழர்கள் சேர்ந்து எழுநூறைத் தாண்டிவிட்டது. விதி ஒன்றே ஒன்றுதான்: பட்டியலில் உள்ள இடத்திலிருந்து வந்த செய்தியை மட்டும் போடலாம். அதில் சில பத்திரிகைகள், சில டிவிகள், அரசாங்க அறிவிப்புகள் இருந்தன. வேறு எது வந்தாலும் நீக்குவேன். ஆரம்பத்தில் கோபித்துக்கொண்டவர்கள்கூட நாளாக ஆக என்னை 'நியூஸ் அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். தெருவில் போகும்போது நிறுத்தி, "யக்கா, இது உண்மையா பொய்யா, பாத்துச் சொல்லு" என்று ஃபோனை நீட்டுவார்கள். எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது என்பதை யாரிடமும் சொன்னதில்லை.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பத்திரிகையில் வேலை பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பிளஸ் டூ முடிந்ததும் கல்யாணம் செய்து பம்பாய்க்கு அனுப்பிவிட்டார்கள். இங்கே வந்தும் தமிழ்ப் பத்திரிகைக்கு வாசகர் கடிதங்கள் எழுதினேன். இரண்டு வந்தன. பிறகு விட்டுவிட்டேன். செம்பூர்ப் பெண்ணைப் பற்றி விசாரித்தபோது, ஒரு தமிழ்ப் பத்திரிகையில் நிருபராக இருந்தாள், அது மூடிவிட்டதால் இப்போது சொந்தமாக ஃபோனில் செய்தி போடுகிறாள் என்றார்கள். மூடிப்போன பத்திரிகைதானே என்று எனக்குள் ஒரு அற்ப சந்தோஷம் வந்தது. ஒரு நாள்கூட நீடிக்கவில்லை. அடுத்த நாளே அவளுடைய இன்னொரு வீடியோவை நான்கு பேர் குழுவில் போட்டிருந்தார்கள்.

நான்கையும் நீக்கினேன். "யக்கா, அவ சொல்றது சரியாத்தானே இருக்கு, எதுக்கு டெலிட்?" என்று ஒருவர் கேட்டார். 'ஆபீஸ் முகவரி இல்லாத பக்கங்களை ஏற்பதில்லை' என்று எழுதினேன். அப்படியொரு விதி அதுவரை கிடையாது. அந்த நிமிஷம் எழுதினேன்.

இரண்டு நாளில் அவள் பக்கத்தில் முகவரி வந்துவிட்டது. செம்பூரில் அவளுடைய அப்பாவின் இஸ்திரிக் கடை.

'குறைந்தது இரண்டு பேர் சரிபார்க்கிற பக்கமாக இருக்க வேண்டும்' என்று எழுதினேன். தானும் தன் தம்பியும் பார்ப்பதாக, இருவர் பெயரையும் போட்டாள். எனக்கு நேராகவும் ஒரு செய்தி அனுப்பினாள். "அக்கா, வணக்கம். உங்க குரூப்ப ரொம்ப நாளா பாத்துட்டிருக்கேன். என் பேஜ்ல இன்னும் என்ன குறைன்னு சொன்னீங்கன்னா சரி பண்ணிக்கிறேன்." படித்தேன் என்பதற்கு அடையாளமாக அவள் ஃபோனில் இரண்டு நீலக் கோடுகள் விழுந்திருக்கும். பதில் போடவில்லை. நாலு நாள் கழித்து மூன்றாவது விதியை எழுதினேன்: ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகியிருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் எங்கள் குழுவின் இன்னொரு அட்மின் ஃபோன் செய்தார். மாட்டுங்காக்காரர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்புரை ஆபரேஷனுக்கு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது பழக்கம். யாரிடமும் குரலை உயர்த்தாத மனிதர்.

"ஏம்மா, இந்த ரெண்டு வருஷ ரூல் எதுக்கு?"

"நம்பிக்கை வரணும்ல சார்."

"நம்ம லிஸ்ட்ல இருக்கிற பேப்பர் போன மாசம் தண்ணி டைமிங்கைத் தப்பாப் போட்டுது. திருத்தம்கூடப் போடலை. அந்தப் பொண்ணு ஒரு தடவை ஸ்டேஷன் பேர் மாத்திச் சொல்லிட்டு, அன்னிக்கே தப்புன்னு வீடியோ போட்டிருக்கா. நானே பாத்தேன்."

"ஒருத்தருக்காக ரூலை மாத்த முடியாது சார்."

"ஒருத்தருக்காகத்தானேம்மா மாத்திண்டே இருக்கேள்? நாளைக்கு அவ அஞ்சரை அடி உயரம் இருக்கணும்னு ஒரு ரூல் வருமா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குக் காது சூடாகிவிட்டது. "யோசிக்கிறேன் சார்" என்று சொல்லி வைத்துவிட்டேன். யோசிக்கவில்லை.

வீட்டிலும் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் கணவர் தட்டுக்குப் பக்கத்தில் ஃபோனைச் சாய்த்து வைத்துக்கொண்டு அவள் வீடியோவைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

"நல்லாச் சொல்லுதா, என்ன? படிக்கத் தெரியாதவனுக்கும் புரியும்" என்றார்.

"நான் போடுறது புரியலையோ?"

"நீ தமிழ்ல எழுதிப் போடுத. நம்ம சந்துல எத்தன பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியும்? பாதிப் பேரு இந்திப் பள்ளிக்கூடத்துல படிச்சவன்."

"குழம்பு ஆறுது. தட்டப் பாத்துச் சாப்பிடுங்க."

அவர் வீடியோவை நிறுத்தவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் புடவை ஃபால் தைத்து, ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள். என்னைவிடப் பத்து வயது இளையவள். அவளும் இந்திப் பள்ளியில் படித்தவள்தான். நான் குழுவில் எழுதுவதை என்னிடமே கொண்டுவந்து வாசித்துக் காட்டச் சொல்வாள். ரேஷன் கார்டில் அவள் மகள் பெயர் இன்னும் ஏறவில்லை. இரண்டு தடவை அலைந்தும் நடக்கவில்லை. பெயர் சேர்க்கவும் நீக்கவும் ஒருநாள் முகாம் போடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து, "யக்கா, தேதியும் எடமும் வந்தா மொதல்ல எனக்குச் சொல்லிரு" என்று தினமும் நினைவுபடுத்திக்கொண்டிருந்தாள்.

பட்டியலில் உள்ள பத்திரிகை ஒன்றில் அந்தச் செய்தி வந்தது. வியாழக்கிழமை, மாஹிமில் ஒரு பள்ளிக்கூடம். அதை வெட்டிப் படமெடுத்து, குழுவில் எல்லோருக்கும் மேலே தெரிகிற மாதிரி பின் செய்து வைத்தேன்.

புதன்கிழமை மத்தியானம் செம்பூர்ப் பெண்ணின் வீடியோ குழுவில் வந்தது. ரேஷன் ஆபீஸ் சுவர் முன்னால் நின்றிருந்தாள். பள்ளிக்கூடத்தில் பெயின்ட் அடிக்கும் வேலை நடப்பதால் முகாமை செம்பூரில் ஒரு மண்டபத்துக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று சொல்லி, ஒட்டியிருந்த அறிவிப்பைக் கேமராவில் காட்டினாள்.

அந்த இடத்தில் வீடியோவை நிறுத்தி, விரலால் பெரிதாக்கி மராத்தியில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். முத்திரை இருந்தது. கையெழுத்து இருந்தது. மண்டபத்தின் பெயர் இருந்தது. அவள் சொன்னது முழுக்க உண்மை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

தெரிந்த பிறகுதான் நீக்கினேன்.

விதி விதிதான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பத்திரிகைக்காரர்களே சாயங்காலத்துக்குள் திருத்தம் போடுவார்கள், அப்போது நானே மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொல்லிக்கொண்டேன். அப்படிச் செய்தால் அந்தச் செய்தி என் வழியாக வந்ததாக இருக்கும். எனக்கு வேண்டியிருந்தது அதுதான். சாயங்காலம் வரை திருத்தம் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டுக்காரி காகிதங்களை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் அடுக்கிக்கொண்டிருந்தாள். "மாஹிம்தானேக்கா?" என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து வந்த களைப்பில் இருப்பவள் போல, "பேப்பர்ல அப்படித்தான் போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். 'ஆமா' என்ற ஒரு வார்த்தையைச் சொல்லாமல் தப்பித்ததை அன்றைக்குப் பெரிய கெட்டிக்காரத்தனமாக நினைத்தேன்.

மறுநாள் பத்து மணிக்கு ஃபோன் வந்தது.

"யக்கா, நீ போட்ட எடத்துக்குத்தான் வந்திருக்கோம். நம்ம சந்துக்காரங்க பதினோரு பேரு. கேட்டு பூட்டிக் கெடக்கு. உள்ள பெயின்ட் அடிக்கான்."

"அப்படியா?" என்றேன்.

"இங்க ஒரு பொண்ணு நின்னுக்கிட்டு எல்லாரையும் செம்பூருக்குப் போங்க, செம்பூருக்குப் போங்கன்னு சொல்லுதா. நேத்தே வீடியோ போட்டாளாமே. நீ டெலிட் பண்ணிட்டியாமே?"

மேசைக்கு முன்னால் ஒரு நோயாளி சீட்டுக்காக நின்றுகொண்டிருந்தார். "நான் அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டேன். கேட்டில் நின்ற பெண் யாரென்று கேட்க வேண்டிய அவசியமில்லை. அவ்வளவு நடந்த பிறகும் எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. இதிலும் முந்திக்கொண்டுவிட்டாளே என்ற எரிச்சல்தான்.

பதினோரு பேரும் பஸ் பிடித்து செம்பூர் போய்ச் சேர்ந்தார்கள். ஏழு பேருக்கு டோக்கன் கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரி எட்டாவதாக நின்றாளாம்.

அன்று நாலு மணிக்கு மாட்டுங்காப் பெரியவர் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். கண்ணுக்குச் சொட்டு மருந்து எழுதி வாங்க வேண்டும் என்றார். அது சாக்கு. குழுவில் காலையிலிருந்து சண்டை நடந்துகொண்டிருந்தது. நீக்கிய இடத்தில் என் பெயர் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நின்றது.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்கோம்மா. அந்த வீடியோவைப் பாத்துட்டு டெலிட் பண்ணேளா, பாக்காமலா?"

"பாக்கல சார். லிஸ்ட்ல இல்லாத லிங்க்னு பாத்ததும் எடுத்துட்டேன்."

அவர் தலையாட்டினார். "அதானே. நீங்க தெரிஞ்சு செய்ய மாட்டேள்" என்றார். வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஃபோனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு எதையோ தட்டிக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் கழித்துக் குழுவில் அவர் செய்தி வந்தது. 'அட்மின் அதைப் பார்க்காமல் விதிப்படி நீக்கினார், பட்டியலைத் திருத்தாமல் விட்டது என் தவறும்கூட, திட்டுவதென்றால் என்னையும் திட்டுங்கள்' என்று எழுதியிருந்தார். சிலர் உண்மையிலேயே அவரைத் திட்டினார்கள். ஒருவன் 'கிழவா' என்று எழுதினான்.

அதை நான் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே படித்தேன். எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் கணவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு செம்பூருக்கு பஸ் ஏறினேன். முகவரி எனக்கு மனப்பாடம். நான் கேட்டு வாங்கிய முகவரியல்லவா? இஸ்திரிக் கடை என்றால் ஒரு மேசையும் மேலே தகரமும்தான். அவள் அப்பா துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். இஸ்திரிப் பெட்டி அவள் கையில் இருந்தது. வீடியோவில் தெரிவதைவிடக் குள்ளம். முகமெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். குழுவில் என் படம் இருப்பதால் தெரிந்துகொண்டாள்.

"வாங்கக்கா. நாலாவது ரூல் என்னன்னு சொல்ல வந்தீங்களா?"

நான் எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் யோசித்து வைத்திருந்த வாக்கியமெல்லாம் போய்விட்டது.

"நீ ஏன் மாஹிம் கேட்ல போய் நின்ன?" என்று கேட்டேன்.

"வேற என்ன செய்றது? என் பேஜை நானூறு பேரு பாத்தா அதிகம். உங்க குரூப்ல எழுநூறு பேரு. நீங்க பின் பண்ணிட்டா எல்லாரும் அங்கதானே போவாங்க? காலையில ஏழு மணிக்கே போய் நின்னேன். அப்பவே முப்பது பேரு லைன்ல உக்காந்திருந்தாங்க."

"நான் அந்த வீடியோவப் பாத்தேன். நோட்டீசப் படிச்சேன். நெசம்னு தெரிஞ்சுதான் எடுத்தேன்."

அவள் அப்பா கையிலிருந்த சட்டையை வைத்துவிட்டு, இருவருக்கும் டீ சொல்லிவிட்டு வருவதாகச் சொல்லிக் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டார்.

"ஏன்க்கா? நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. எனக்குப் பொறாமை."

அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னால் மனசு லேசாகும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை. அவள் முகம் இளகும் என்றும் உள்ளுக்குள் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அதுவும் இல்லை.

"ஒவ்வொரு ரூலுக்கும் நான் ராத்திரி பகலா யோசிச்சேன். என்கிட்டத்தான் ஏதோ தப்புன்னு. தம்பிகிட்ட சண்டை போட்டு அவன் பேரைச் சேத்தேன்" என்றாள். "அரே, என்கிட்ட வந்து சொல்லி என்ன பிரயோஜனம்? என்கிட்ட மன்னிப்புக் கேக்காதீங்க. லைன்ல உக்காந்திருந்தவங்ககிட்ட சொல்லுங்க."

டீ வந்தது. குடிக்காமல் வருவது மரியாதை இல்லையென்று நின்றுகொண்டே குடித்தேன். அவள் மறுபடி இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டாள். ஒரு வெள்ளைச் சட்டையின் காலரை நுனியிலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்து கச்சிதமாக அழுத்தினாள். இதிலும் சுத்தம்தான் என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் அப்படி நினைக்கிற மனசை என்ன செய்வது?

பஸ் நிறுத்தத்தில் நின்று குழுவுக்குப் பேசி அனுப்பினேன். எழுதினால் பக்கத்து வீட்டுக்காரியால் படிக்க முடியாது. அதுவரை நான் குரலில் எதுவும் போட்டதில்லை. நாலு தடவை பேசி அழித்து, ஐந்தாவதை அனுப்பினேன். வீடியோவை நான் பார்த்தேன், அறிவிப்பைப் படித்தேன், இடம் மாறியது தெரிந்தும் நீக்கினேன், மாட்டுங்கா சாரிடம் பொய் சொன்னேன், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. இவ்வளவுதான். பொறாமை என்ற வார்த்தையை அதில் சொல்லவில்லை. கேட்ட எல்லோருக்கும் அது புரிந்திருக்கும்.

இருபத்தாறு பேர் குழுவை விட்டுப் போனார்கள். பெரியவர் ஃபோன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "என் முகத்தைப் பாத்துப் பொய் சொன்னேளேம்மா, எப்படி முடிஞ்சுது?" பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார். கணவர் அன்று எனக்கு முன்னால் தட்டை வைத்து, தானே சோறு போட்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

பக்கத்து வீட்டுக்காரி ஒன்பது நாள் பேசவில்லை. ஒரே சுவர்தான் நடுவில். அவள் தையல் மிஷின் ஓடுவதும் நிற்பதும் எனக்குக் கேட்கும். பத்தாவது நாள் வாசலில் வந்து நின்று, "அடுத்த மாசம் கேம்ப் இருக்காம். லீவு போட்டுட்டு என்கூட வா. ஃபாரத்த நீதான் நிரப்பணும்" என்றாள். போனேன். காலை ஆறு மணிக்குப் போய் மூன்றாவதாக இடம் பிடித்தோம். மகள் பெயர் ஏறியது. வரும் வழியில் அவள் பேசியதெல்லாம் மார்க்கெட்டில் மீன் விலை பற்றித்தான்.

அட்மின் பொறுப்பை விட்டுவிடுகிறேன் என்று எழுதினேன். பெரியவர் விடவில்லை. செம்பூர்ப் பெண்ணின் பக்கத்தைப் பட்டியலில் சேர்ப்பது, அவளையும் அட்மினாக்குவது, இனிமேல் எதை நீக்குவதென்றாலும் இரண்டு அட்மின்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று மூன்று யோசனைகளைச் சொல்லி எல்லோரையும் கேட்டார். கிட்டத்தட்ட எல்லோரும் சரி என்றார்கள். நானும் சரி என்று போட்டேன். அந்த 'சரி'யைப் போட எனக்கு அரை நாள் ஆயிற்று.

இப்போது ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பெரியவருக்கு மற்றக் கண்ணிலும் ஆபரேஷன் ஆனதிலிருந்து ஃபோனை அதிகம் பார்ப்பதில்லை. அதனால் பெரும்பாலும் நாங்கள் இரண்டு பேரும்தான் பேசி முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அவளோடு எனக்கு நட்பு என்று சொல்ல மாட்டேன். வேலை நடக்கிறது. அவள் வீடியோவுக்குக் கீழே வருகிற பாராட்டுகளை இன்றைக்கும் எண்ணத்தான் செய்கிறேன். உல்லாஸ்நகரில் ஒரு காலேஜில் பேசக் கூப்பிட்டார்கள் என்று அவள் சொன்ன அன்று எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

போன மாதம் ஒரு டிவியில் அவளை வேலைக்குக் கூப்பிட்டார்கள். முதன்முதலில் என்னிடம்தான் கேட்டாள்.

"போகலாமாக்கா?"

"போ. யோசிக்கவே யோசிக்காத" என்றேன். அவள் நன்மைக்குச் சொன்னேனா, அவள் போய்த் தொலைந்தால் போதுமென்று சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும் ஒரே குரலில்தான் வந்தது.

அவள் போகவில்லை. தாராவிப் பக்கம் அனுப்ப மாட்டார்களாம், ஸ்டுடியோவில் உட்கார வேண்டுமாம். "அங்க உக்காந்து நான் என்னக்கா பண்ணப்போறேன்?" என்றாள். எனக்கு ஆத்திரமும் நிம்மதியும் சேர்ந்து வந்தன. கிடைக்காதா என்று நான் ஏங்கியதை இவள் வேண்டாமென்று தள்ளுகிறாளே என்று ஆத்திரம். நிம்மதி எதற்கென்று சொல்லத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் குழுவில் வந்திருந்த இரண்டு செய்திகளை எனக்கு அனுப்பி, நீக்கலாமா என்று கேட்டிருந்தாள். ஒன்றுக்குச் சரி என்றேன். மற்றது எங்கள் சந்தைச் சேர்ந்தவர் நேரில் பார்த்து எழுதியது, இருக்கட்டும் என்றேன். ஆதாரம் போதாது என்றாள் அவள். ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடி அரை மணி நேரம் ஃபோனில் சண்டை போட்டோம்.